எல்லாம் எழுதியிருக்கு

1

என் நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராயபுரம் லாரி ஷெட்டுகளில் மூட்டை தூக்கி, பிறகு துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சரக்கு இறக்கி, கடைசியாக ஒரு குடோனில் இரவுக் காவல் பார்த்து, அறுபத்து மூன்று வயது வரை உழைத்தவர். என்னை பி.காம். படிக்கவைத்தார். நான் வங்கியில் எழுத்தர். கவிதையும் எழுதுகிறேன். இந்தப் பக்கங்களைப் புரட்டுகிற தோழர்களில் சிலர் அவற்றைப் படித்திருக்கலாம். அவை கிடக்கட்டும். இது வேறு விஷயம்.

2022 மார்ச்சில் நைனாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அரசா தனியாரா என்பதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இரண்டு பேர் அந்த ஆஸ்பத்திரியைத் திட்டுவார்கள், மற்ற ஆஸ்பத்திரிகளெல்லாம் தப்பித்துக்கொள்ளும். உயிரைக் காப்பாற்றினார்கள். அதை மறைப்பது அயோக்கியத்தனம். அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வேலையைச் செய்த கைகளை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். என் கேள்வி அந்தக் கைகளைப் பற்றியதல்ல. வாயைப் பற்றியது.

மார்ச் 31ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள். விடுப்புக் கேட்க முடியாது என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நான் கேட்கவில்லை. அம்மாவும் தங்கச்சியும்தான் போனார்கள்.

வார்டு வாசலில் ஒரு சின்ன டாக்டர் பெண் கையில் ஏழெட்டு டிஸ்சார்ஜ் சீட்டுகளை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டிருக்கிறாள்:

"டாக்டரம்மா, இந்த மாத்திர எத்தினி நாளிக்கிப் போடணும்?"

"எல்லாம் எழுதியிருக்கும்மா. வீட்டுல படிச்சவங்க யாராவது இருந்தா காட்டுங்க."

அந்தப் படிச்சவன் நான்தான். இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தேன். ஆங்கிலம். அம்புட்டும் படித்தேன். மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், ஒன்று-சைபர்-ஒன்று, சைபர்-ஒன்று-சைபர். கடைசி வரியில், இரண்டு வாரம் கழித்து வந்து காட்டவும். "ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்கம்மா" என்றேன். அதற்குமேல் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் என்ற கெத்தில் சீட்டை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுத் தூங்கப் போனேன்.

அம்மா அவள் வழியில் கணக்குப் போட்டாள். கவரில் பதினைந்து நாள் மாத்திரை. அப்படியானால் வைத்தியம் பதினைந்து நாள். இதில் என்ன தப்பு? காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்தால் மூன்று நாளில் வைத்தியம் முடிகிறது. நாற்பது வருஷமாக ஆஸ்பத்திரி அவளுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அதுதான்.

இரண்டு வாரம் கழித்து வந்த நாள் ஏப்ரல் 14. பாபாசாகேப் பிறந்த நாள். அரசு விடுமுறை. காலையில் ஆட்டோ பிடித்துப் போய், ஓ.பி. இல்லை என்று வாசலில் சொல்லத் திரும்பி வந்தார்கள். நைனா வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் தெருப் படிப்பகத்துக்குப் போய் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, பிள்ளைகள் ஊற்றிய மோரைக் குடித்துவிட்டு வந்தார். நான் அன்று சாயங்காலம் ஒரு கவியரங்கத்தில் உடம்பைப் பற்றிக் கவிதை வாசித்துக்கொண்டிருந்தேன். மறுநாளோடு மாத்திரை அட்டைகள் காலி. "மாத்திர தீந்துச்சு, நல்லாத்தான கீறேன். அடுத்த வாரம் போலாம்" என்றார். நாலு நாள் கழித்து குடோன் வேலைக்கும் போனார்.

ஏப்ரல் 23 விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றினோம். தேரடி தாண்டுவதற்குள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக டாக்டருக்குப் படித்த பையன் ஒருவன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தான். சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, இந்த ரெண்டு மாத்திரையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாதுன்னு யாரும் சொல்லலியா?" என்று கேட்டான்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரல். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கிற ஒரு சின்ன உலோக வலைக்குழல். அதன்மேல் ரத்தம் உறைந்து மறுபடி அடைக்காமல் இந்த இரண்டும் காக்கின்றன. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஓராண்டு போடவேண்டும், அதற்குப் பிறகும் ஒன்றைத் தொடரவேண்டும். டாக்டர் சொல்லாமல் இடையில் நிறுத்தினால், அதுவும் முதல் மாதத்திலேயே நிறுத்தினால், மறு அடைப்பு வரும் ஆபத்து பல மடங்கு. இவ்வளவுதான் விஷயம். நான் இப்போது எழுதியதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

மாத்திரை நிறுத்தியதால்தான் செத்தார் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் உடலை அறுக்கக் கொடுக்கவில்லை. போட்டிருந்தாலும் செத்திருக்கலாம். ஆனால் அந்த அரை நிமிஷம் எங்களுக்குத் தரப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

2

இது மறதி அல்ல, வேலைப்பளு மட்டும் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

போதனை மருத்துவமனை எதற்காவது போய்ப் பாருங்கள். காலையில் பேராசிரியர் வருகிறார். பின்னால் பதினைந்து இருபது மாணவர்கள். ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். சட்டையைத் தூக்கு, மூச்சை இழு, இங்கே அழுத்தினால் வலிக்கிறதா. இருபது நிமிஷம் பாடம் நடக்கிறது. நோய் என்ன, ஏன் வந்தது, அடுத்து என்ன ஆகும், எந்த மருந்து எதற்கு, எல்லாம் விலாவாரியாகச் சொல்லப்படுகிறது, ஆங்கிலத்தில். நடுவே படுத்திருக்கிற ஆளுக்கு மட்டும் அந்த வகுப்பில் இடமில்லை. அவர் பாடப்புத்தகம். கூலிக்காரர்கள், மீனவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகியோரின் உடம்பைத் தொட்டுத் தட்டிப் பார்த்துத்தான் இந்த நாட்டில் மருத்துவம் கற்கப்படுகிறது. கற்றவர் கற்றதை அந்த உடம்புக்குரியவரிடம் சொல்லவேண்டும் என்ற கடமை மட்டும் நடைமுறையில் வெளியே நிற்கிறது.

சீட்டில் இருக்கும் சங்கேதங்களைப் பாருங்கள். பி.டி. என்றால் தினம் இருவேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. இவை ஆங்கிலம்கூட இல்லை தோழர்களே, லத்தீன். ரோமாபுரி அழிந்து எத்தனையோ நூற்றாண்டு கழிந்தபின், திருவொற்றியூர் குப்பத்தில் ஒரு கிழவி சர்க்கரை மாத்திரையை எப்போது போடவேண்டும் என்பது லத்தீனில் எழுதித் தரப்படுகிறது. கருவறைக்குள் ஒரு செத்த மொழி, வார்டுக்குள் இன்னொரு செத்த மொழி. இரண்டு இடத்திலும் நமக்கு வேலை, வாசலில் நின்று கையேந்தி வாங்கிக்கொண்டு போவது. அறிவைப் பூட்டிவைத்து, பூட்டியதையே புனிதமாக்கி, திறக்கத் தெரியாதவனை மூடன் என்று சொல்வதுதான் பார்ப்பனியம் என்றால், அது நூல் போட்டவர்களிடம் மட்டுமா இருக்கிறது?

சரி, சீட்டை யார் விளக்குகிறார்கள்? யாருமே விளக்குவதில்லை என்று சொல்லமாட்டேன். வார்டு வாசலில் துடைப்பத்தோடு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி அக்காதான் விளக்குகிறாள். "இது வெறும் வயித்துல, இது துன்னப்புறம், இந்தச் செவப்பு மாத்திர ராத்திரிக்கி" என்று கவரைத் திறந்து காட்டி அனுப்புகிறாள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பெரும்பாலும் சரியாகச் சொல்கிறாள், சிலசமயம் தப்பாகவும் சொல்கிறாள். அவள் நம்மில் ஒருத்தி. மலம் அள்ளவும் தரை துடைக்கவும் எடுக்கப்பட்டவள், சம்பளமில்லாமல் அந்த ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கிறாள். மருத்துவ நிறுவனம் கைகழுவிய வேலையை அவள் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

3

என் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். வங்கி ஒன்றும் புரட்சிகர நிறுவனம் அல்ல. ஏழைக்கு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், கவுன்ட்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும், பணம் கட்டுகிற சலான், பாஸ்புக், கணக்குத் தொடங்கும் படிவம் எல்லாம் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி என்று மூன்றிலும் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஐந்நூறு ரூபாய் கட்ட வருகிறவர் கையிலிருக்கும் தாளில் தமிழ் இருக்கிறது. உயிரைக் கட்டவேண்டியவர் கையிலிருக்கும் தாளில் இல்லை.

இன்னொன்று. பணம் கொடுத்ததும் நாங்கள் என்ன சொல்வோம்? "இங்கியே எண்ணிப் பாத்துட்டுப் போங்க." கவுன்ட்டரை விட்டுப் போனபின் குறைந்தது என்று வந்தால் யாரும் பொறுப்பில்லை, ஆகவே எண்ணச் சொல்கிறோம். அவர் வாய்விட்டு எண்ணுகிறார், நாங்கள் பார்க்கிறோம், இருவருக்கும் கணக்கு ஒத்துப்போகிறது. மருத்துவத்திலும் இதே முறை உண்டு. சொல்லிக்கொடுத்துவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா, வீட்டுக்குப் போயி எந்த மாத்திரைய எப்பக் குடுப்பீங்க?" என்று திருப்பிக் கேட்பது. நோயாளி தப்பாகச் சொன்னால் அது நோயாளியின் தோல்வி அல்ல, சொன்னவர் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். மறுபடி சொல்லவேண்டும். உலகமெங்கும் நர்ஸ்களுக்குக் கற்பிக்கப்படும் எளிய முறை இது. இதற்கு மெஷின் வேண்டாம். கட்டடம் வேண்டாம்.

கைநாட்டு வைக்கிறவர் வந்தால் நாங்கள் சாட்சி வைத்து, விவரம் சொல்லி, சொன்னதை எழுதிப் பதிகிறோம். ஆஸ்பத்திரிகளின் சம்மதப் படிவத்திலும் ஒரு வரி வழக்கமாக உண்டு: எனக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டது. அந்த வரியே ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே கட்டைவிரல் ரேகை. இதைவிட அப்பட்டமான பொய்ச்சாட்சி வேறென்ன இருக்கிறது?

4

"சொன்னா மட்டும் புரிஞ்சுடுமா? இந்த ஜனங்க மாத்திரைய ஒழுங்காப் போடமாட்டாங்க சார்." இதைச் சொல்லாத ஆஸ்பத்திரி ஊழியரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஜனங்க என்றால் யார் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

இதற்குப் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. அறுபது எழுபது வருஷம் பழைய பதில். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. ஏழைகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். பாதிப் பேர் வீட்டில், சென்னை நகரத்தின் நெருக்கடியான ஏழை வீடுகளில். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, வேலையும் அதிகம். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கை மாற்றிய ஆய்வு. சானடோரியம் என்கிற கருத்தே அதற்குப் பிறகு தளர்ந்துபோனது.

இதில் கவனிக்கவேண்டியது, அவர்களை மாத்திரைக் கவரோடு வாசலில் விட்டுவிடவில்லை என்பது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தோடு பேசினார்கள். பேசியதால் நடந்தது. சென்னை ஏழைகளின் வீடும் ஒரு மருத்துவமனையாக முடியும் என்பதற்கு உலக அத்தாட்சி கொடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள் காலத்து ஜனங்கள். அதே ஜனங்களைப் பார்த்துத்தான் இன்றைக்கு, சொன்னாலும் புரியாது என்கிறார்கள்.

"நேரம் இல்லை" என்பது அடுத்த பதில். நேரம் இல்லைதான். முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் நிற்கும் பயிற்சி டாக்டர்களை நானும் பார்த்திருக்கிறேன். இட ஒதுக்கீட்டில் போராடி உள்ளே போன நம் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். அந்தச் சின்ன டாக்டர் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் போடுவது யார் பொறுப்பு? எச்.ஐ.வி. வந்தபோது அரசு என்ன செய்தது? இந்தியாவில் முதன்முதலாக அது 1986இல் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். 1994இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தார்கள். ஆலோசகர் என்று ஒரு பதவியையே உண்டாக்கினார்கள். மாத்திரை தொடங்குமுன் உட்காரவைத்து, ஏன் தவறக்கூடாது, தவறினால் என்ன ஆகும் என்று தமிழில் பேசினார்கள். அந்த மாத்திரையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்கு முடிந்தது, இதற்கு ஏன் முடியவில்லை? தொற்றுகிற நோய் என்றால் அது நம் தெருவோடு நிற்காது, அவர்கள் தெருவுக்கும் வரும். எனவே உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள். நாம் மட்டும் சாகிற நோய் என்றால் எழுதிக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நல்ல திட்டம். எங்கள் தெருவிலும் நடக்கிறது. வீடு தேடி மாத்திரை வர முடிகிறதென்றால், வீடு தேடி விளக்கமும் வர முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து பெயர் வெட்டிய மூன்றாம் நாள் ஒருவர் வந்து, கவரைக் கொட்டி, "எதை எப்பப் போடுறீங்க, காட்டுங்க" என்று கேட்டால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், ஏழைகளும் கறுப்பின மக்களும் அதிகம் வருகிற ஒரு மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்தார்கள். டிஸ்சார்ஜுக்கென்றே ஒரு நர்ஸ், புரிகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம், சில நாள் கழித்து மருந்தாளர் ஒருவரின் போன். 2009இல் வெளியான முடிவு: ஒரு மாதத்துக்குள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. சொல்லித்தருவது செலவு என்கிறவர்களுக்குச் சொல்கிறேன், சொல்லித்தராததுதான் செலவு. அந்தச் செலவை இதுவரை நாம் கட்டிவருகிறோம்.

5

வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். எந்த வீட்டுக்கு?

ஓய்வு எடுக்கவும், தூசியைத் தவிர்க்கவும், உப்பைக் குறைக்கவும், காற்றோட்டமான அறையில் இருக்கவும். இந்த வரிகள் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை? எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படியாத திண்ணை எது? மணலிப் பக்கம் காற்று நாறாத ராத்திரி எது? கருவாடும் பழைய சோறும் தவிர வேறில்லாத வீட்டில் உப்பைக் குறை என்றால் எதைக் குறைப்பது? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வீட்டுக்குள் முடிகிற வழியைச் சொல்வதுதான் வைத்தியம். ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய வடசென்னைத் தொழிலாளிகள் எத்தனையோ பேருக்குக் கையைத் திருப்பித் தந்த இடம். அங்கே வேலை பார்க்கிற எவரையும் கேளுங்கள், தைத்த விரல் மறுபடி மடங்குவதில் பாதி, வீட்டுக்குப் போனபின் தினமும் செய்கிற பயிற்சியில்தான் இருக்கிறது என்பார்கள். மேஜையில் பாதி, வீட்டில் பாதி. அந்த இரண்டாவது பாதிக்கு டாக்டர் நாம்தான். நமக்குத்தான் பாடம் நடக்கவில்லை.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர நிறுவனத்தின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். மூச்சுத் திணறி, கண் எரிந்து, பல பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதம்தான் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பிய வீடு அந்தக் குழாய்க்குப் பக்கத்து வீடு. இப்படிப்பட்ட மனிதர்களுக்கு வீட்டுக்குப் போகும் சீட்டில் என்ன வேண்டும்? எந்த வாயுவைச் சுவாசித்தார் என்று வேண்டும். இனி எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்று வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு என்ன செய்யவேண்டும் என்று வேண்டும். அது வைத்தியக் குறிப்பு மட்டும் அல்ல. நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியமும் அதுவே. தன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாதவன் யார்மேல் வழக்குப் போடுவான்?

6

நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கவேண்டாம். தாளில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும். மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி, முடிந்தவரை பெரிய எழுத்தில் இருக்கவேண்டும் என்று 2016இல் அதில் திருத்தம் சேர்த்தார்கள். 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் 17 உரிமைகள் கொண்ட நோயாளர் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. தன் நோயைப் பற்றி, தனக்குப் புரியும் மொழியில், எளிய முறையில் அறிவுறுத்தப்படுவது நோயாளியின் உரிமை என்று அதில் இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது 1956இல். எல்லாம் எழுதியிருக்கு. அம்மாவிடம் சொன்ன அதே பதில்தான்.

தமிழில் மருத்துவம் முடியாது என்கிறவர்களுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயைக் காட்டுகிறேன். 1847இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, உடற்கூறு முதல் அறுவை வைத்தியம் வரை நூல்களைத் தமிழில் ஆக்கி, 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து டாக்டர்களை உருவாக்கினார். முழு மருத்துவப் படிப்பே தமிழில் நடந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நிறுத்தாதீர்கள்" என்று எழுத இன்னும் சொல் கிடைக்கவில்லையாம். நம் அயோத்திதாசப் பண்டிதர் யார்? சித்த வைத்தியர். 1907இல் இதே சென்னையில் 'தமிழன்' பத்திரிகை தொடங்கியவர். நாடி பிடித்த கைதான் எழுதுகோலையும் பிடித்தது. அவரை மேற்கோள் காட்டுகிற நாம் அவருடைய தொழிலை மறந்துவிட்டோம்.

கடைசியாக நம்மைப் பற்றி. தோழர்களே, நம் பத்திரிகைகளில் உடல் அரசியல் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்! பூக்கோவின் மருத்துவப் பார்வை பற்றி நானே ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பது பேரில் ஒருவர்கூடத் தன் தெருவிலிருக்கும் ஒரு கிழவியின் டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துச் சொன்னதில்லை, நானும் உள்பட. அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டோம், 1972இல் பம்பாயில், பிறகு இங்கே. 1970ஐ ஒட்டி அவர்கள் பல நகரங்களில் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தினார்கள், ஏழை நோயாளிக்காகப் பேச ஆட்களைப் பழக்கினார்கள். அந்தப் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. கற்பி என்று பாபாசாகேப் சொன்னது பள்ளிக்கூடத்துக்கு மட்டுந்தானா? அவரே சர்க்கரை நோயோடு பல வருஷம் போராடியவர். கற்பிக்கவேண்டியது வார்டு வாசலிலும் இருக்கிறது.

அரசிடம் கேட்கவேண்டியதைக் கேட்போம். தமிழில், பெரிய எழுத்தில், சூரியன் நிலா படம் போட்ட டிஸ்சார்ஜ் சீட்டு. அதை விளக்க ஒவ்வொரு வார்டிலும் சம்பளம் தரும் ஒரு பதவி. அந்தப் பதவிக்கு, இதுவரை சும்மா அந்த வேலையைச் செய்துவந்த ஒப்பந்தத் தொழிலாளி அக்காக்களுக்குப் பயிற்சியும் முன்னுரிமையும். இதற்காகக் கையெழுத்து வாங்கவும், வாசலில் உட்காரவும் நான் தயார்.

ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரப் போனால் இந்த ஆறு கேள்விகளைக் கேட்காமல் படி இறங்காதீர்கள். என்ன நோய்? எந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாள், கவரில் தீர்ந்துபோனால் என்ன செய்வது, எங்கே வாங்குவது? எதை மட்டும் நிறுத்தவே கூடாது? என்ன நேர்ந்தால் உடனே ஓடி வரவேண்டும்? மறுபடி வரவேண்டிய நாள் விடுமுறையானால் எப்போது வருவது? பதிலைக் கேட்டுவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று அங்கேயே கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பணத்தை எண்ணாமல் யாராவது கவுன்ட்டரை விட்டுப் போவார்களா?

எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை நானும் இன்னும் நாலு பேரும் உட்காருகிறோம். ஒரு வருஷமாக நடக்கிறது. ஆட்கள் சீட்டும் மாத்திரைக் கவருமாக வருகிறார்கள். நாங்கள் வைத்தியம் சொல்வதில்லை, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வதில்லை. சீட்டில் உள்ளதைத் தமிழில் எழுதிக்கொடுக்கிறோம். சந்தேகம் இருந்தால் எங்கள் தெரு டாக்டர் தம்பிக்குப் போன் போடுகிறோம். அவரும் முடியாத இடத்தில், நோயாளியோடு ஒருவர் துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். முதல் நாள் வந்த முதல் ஆள் என் அம்மா. அவளுக்கு இப்போது சர்க்கரை. கவரை மேஜையில் கொட்டி, "படிச்சவனே, இது எத்தினி நாளிக்கினு சொல்லு" என்றாள்.

மாணவத் தோழர்கள் வரலாம். ஆங்கிலம் தெரிந்தால் போதாது, பொறுமை வேண்டும். வரும்போது தடித்த எழுத்து எழுதும் ஸ்கெட்ச் பேனா இரண்டு கொண்டுவரவும். எங்களுடையது அடிக்கடி தீர்ந்துபோகிறது.